ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன் முற்றுகிறது? கடும் மலேரியாவும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளத்தை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது இரண்டு காரணங்களால். ஒன்று, மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி; மற்றொன்று, சின்ன வெங்காயம். இந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் பெற்றவர்கள் முதலில் பயப்படுவது டெங்குவுக்கு, அடுத்து டைபாய்டுக்கு. மலேரியா என்ற பேச்சே எழுவதில்லை. தாத்தா பாட்டி காலத்தில் அப்படி இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல் கிட்டும் நடுக்கத்தோடு வந்து, கம்பளி போர்த்தினாலும் அடங்காமல், பிறகு வியர்த்துக் கொட்டி விலகும் முறைக்காய்ச்சலை அன்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அரசின் மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டிடிடி மருந்தோடு தொடங்கியது. 1965 வாக்கில் நோயாளிகளின் எண்ணிக்கை 1 லட்சம் அளவுக்குச் சரிந்தது. 1976இல் அதே எண்ணிக்கை 64 லட்சத்துக்கு ஏறியது. இன்று மீண்டும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக மலேரியா பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது. அதுவும் பெரும்பாலும் வைவாக்ஸ் வகை.

செட்டிகுளத்தில் மலேரியா மறக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. இங்கு பிறக்கும் பிள்ளையின் உடல் மலேரியா ஒட்டுண்ணியை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. பலமுறை நோய்ப்பட்டுச் சிறிது சிறிதாகப் பெறும் எதிர்ப்பு அதற்குக் கிடையாது. பெற்றோரோடு ஒடிசாவுக்கோ ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கோ போய், உயிரைப் பறிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை மலேரியாவோடு திரும்பினால், அந்தப் பிள்ளை பிறவியில் பெற்றதை மட்டும் வைத்துக்கொண்டுதான் முதல் நாட்களைக் கடக்க வேண்டும். பிறவியில் பெற்றது என்ன, அது எவ்வளவு தூரம் காக்கும் என்பதைத்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மரபணு ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். இறப்புகளில் நூற்றுக்கு 95 ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். மலேரியா ஓயாத அந்த ஊர்களில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் காய்ச்சல் வருகிறது. பெரும்பாலோர் மாத்திரையில் எழுந்துவிடுகிறார்கள். நூறில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் நோய் முற்றுகிறது: நினைவு தப்பி வலிப்பு வருகிறது, அல்லது ரத்தம் வற்றி ஹீமோகுளோபின் 5 கிராமுக்குக் கீழே போகிறது, அல்லது ரத்தத்தில் அமிலம் ஏறி மூச்சு வாங்குகிறது. ஒரே தெரு, ஒரே கொசு, ஒரே ஒட்டுண்ணி. ஏன் இந்தப் பிள்ளைக்கு மட்டும்?

மரபுக்கு இதில் பங்கு உண்டா என்பதற்கு நேரடியான விடை 2005இல் கென்யக் கடற்கரையில் இருக்கும் கிலிஃபியிலிருந்து வந்தது. உறவுமுறை தெரிந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்கு எத்தனை முறை மலேரியா வந்தது என்று கணக்கிட்டார்கள். பிள்ளைக்குப் பிள்ளை காணப்பட்ட வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கு மரபால் வருவது. இன்னொரு கால் பங்கு வீட்டால் வருவது. அதாவது, எந்த வீட்டில் வாழ்கிறது என்பதால். இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு எண். மலேரியாவைத் தடுக்கும் மரபணுக்களில் உலகறிந்ததான அரிவாள் அணு மரபணு, அந்த வேறுபாட்டில் நூற்றுக்கு 2 பங்கை மட்டுமே விளக்கியது. மீதி மரபு எங்கே ஒளிந்திருக்கிறது?

அதைத் தேடுமுன், கண்டுபிடிக்கப்பட்டதைப் பார்த்துவிடுவோம். நோயே மனித இனத்தின் மரபைச் செதுக்குகிறது என்றும், தலசீமியா போன்ற ரத்தக் குறைகள் நிலைத்திருப்பதற்கு மலேரியா காரணமாக இருக்கலாம் என்றும் 1949 வாக்கில் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். அவர் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார். மலேரியாவால் இந்த நாட்டில் மிகவும் துன்பப்பட்ட மாநிலத்தின் தலைநகர் அது. 1954இல் ஆந்தனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் அரிவாள் அணு மரபணுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்தார். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்ற பிள்ளைக்குக் கடும் மலேரியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 90 குறைகிறது. இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைக்கோ அரிவாள் அணு நோய்.

ஆலிசனுக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1952இல், ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களின் ரத்தத்தைச் சோதித்து அரிவாள் அணு அங்கே மிகுந்திருப்பதைக் கண்டார்கள். ஆப்பிரிக்க வழி வந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று கருதப்பட்ட ஒன்று தமிழ் மலைகளில் இருந்தது. நீலகிரி அடிவாரம் மலேரியாவுக்குப் பேர்போன இடம். 1897இல் அங்கே சீகூர்ப் பக்கம் ஆராயப் போன ரொனால்ட் ராஸே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அவர் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணியைக் கண்டார். மலேரியா பற்றிய தமிழ்நாட்டு மரபணுக் கதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்த அடிவாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாம் சிவப்பணுவின் கதை. ஒட்டுண்ணி குடியேறும் வீட்டை மாற்றி அமைக்கும் மரபணுக்கள் இவை. ஒட்டுண்ணியோடு போரிடும் படையை, அதாவது நோயெதிர்ப்பு மண்டலத்தை அமைக்கும் மரபணுக்கள் வேறு. அவற்றில் மூத்தது எச்எல்ஏ என்ற குடும்பம். உடலின் ஏறக்குறைய எல்லா அணுக்களும் தமக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ மூலக்கூறில் ஏற்றித் தம் மேற்பரப்பில் நிறுத்துகின்றன. அந்தத் துணுக்கு அந்நியமானது என்று நோயெதிர்ப்புப் படையின் டி அணுக்கள் கண்டுகொண்டால் அந்த அணுவைக் கொன்றுவிடுகின்றன. எந்தத் துணுக்கு எச்எல்ஏவில் பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒரே ஒட்டுண்ணி ஒருவர் உடலில் எளிதில் பிடிபடும். இன்னொருவர் உடலில் தப்பும்.

சிவப்பணுவில் எச்எல்ஏ கிடையாது. ஒட்டுண்ணி சிவப்பணுவில் இருக்கும்வரை டி அணுக்களால் இந்த வழியில் அதைப் பிடிக்க முடியாது. கொசு கடித்த பின் முதல் ஒரு வாரம் ஒட்டுண்ணி கல்லீரலில் தங்குகிறது. கல்லீரல் அணுவில் எச்எல்ஏ உண்டு. அங்கேதான் வாய்ப்பு. 1991இல் ஆட்ரியன் ஹில் குழுவினர் காம்பியாவில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தை ஒப்பிட்டு, எச்எல்ஏ-பி53 என்ற வகை கடும் மலேரியா வந்த பிள்ளைகளிடம் குறைவாகவும், வராதவர்களிடம் மிகுதியாகவும் இருப்பதைக் காட்டினார்கள். அந்த வகை இருந்தால் ஆபத்து ஏறக்குறைய நூற்றுக்கு 40 குறைந்தது. மறு ஆண்டே, கல்லீரல் கட்டத்தில் ஒட்டுண்ணி உண்டாக்கும் ஒரு புரதத்தின் துணுக்கை பி53 ஏந்தி நிறுத்துவதையும் காட்டினார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பி53 மலிந்தும் மற்ற கண்டங்களில் அரிதாகவும் இருப்பதற்கு மலேரியாவே காரணம் என்ற முடிவு அன்று எல்லோரையும் ஈர்த்தது. காரணமும் செயல்முறையும் கைகோத்து நின்ற அந்தக் கட்டுரையை இன்றைக்குப் படித்தாலும் நிறைவாகவே இருக்கிறது.

அடுத்த சில ஆண்டுகள் நோயெதிர்ப்பு மரபணுக்களின் பொற்காலம். காம்பியாவில் பணியாற்றிய டொமினிக் க்வியாட்கோவ்ஸ்கி, மூளை மலேரியாவில் இறந்த பிள்ளைகளின் ரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் பல மடங்கு ஏறியிருந்ததை 1990இல் காட்டியிருந்தார். காய்ச்சலை மூட்டுவதும் ஒட்டுண்ணியை அடக்குவதும் இந்தப் புரதம்தான். அளவு மிஞ்சினால் உடலையே தாக்குவதும் இதுதான். 1994இல் டிஎன்எஃப் மரபணுவின் முன்பகுதியில் ஒரேயொரு எழுத்து மாறிய வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற காம்பியப் பிள்ளைகளுக்கு, மூளை மலேரியாவால் இறக்கவோ நரம்புக் குறையோடு பிழைக்கவோ ஏழு மடங்கு ஆபத்து என்று அறிக்கை வந்தது. நமக்கு நெருக்கமான சான்று இலங்கையிலிருந்து 1999இல் வந்தது: அதே வகையைப் பெற்றவர்களுக்கு ஃபால்சிபாரம் மலேரியாவிலும் பிற தொற்றுகளிலும் நோய் கடுமையாகும் ஆபத்து மிகுதி. 1934–35இல் ஏறக்குறைய 80,000 பேரை மலேரியாவுக்குப் பலிகொடுத்த தீவு அது. டெல்லியில் இருக்கும் மரபுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தினர் இந்திய நோயாளிகளிடம் டிஎன்எஃப் மரபணுவின் முன்பகுதியும், எதிர்ப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி ஒன்றின் மரபணுவும் நோயின் கடுமையோடு தொடர்புடையவை என்று 2008இல் எழுதினார்கள்.

டிஎன்எஃப்தான் குற்றவாளி என்றால் அதை அடக்கினால் பிள்ளை பிழைக்க வேண்டும் அல்லவா? அதையும் செய்து பார்த்தார்கள். காம்பியாவில் மூளை மலேரியாவோடு வந்த 610 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு டிஎன்எஃபை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். இரு குழுவிலும் ஐந்தில் ஒரு பிள்ளை இறந்தது. மருந்து பெற்றுப் பிழைத்தவர்களில் நரம்புக் குறை நூற்றுக்கு 7 பேருக்கு மிஞ்சியது. பெறாதவர்களில் 2 பேருக்கு. 1996இல் வெளிவந்த இந்த முடிவை, மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்ற சேதியைக் கேட்டதும் மருந்து வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு கணக்கெடுப்பு வந்தது. சிறு ஆய்வுகளில் தோன்றிய தொடர்புகள் பெருந்தொகையில் நிற்குமா என்று பார்க்க, பல நாட்டு ஆய்வர்கள் மலேரியாஜென் என்ற கூட்டமைப்பில் இணைந்தார்கள். 2014இல் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய பகுதிகளில் 12 இடங்களிலிருந்து 11,890 கடும் மலேரியா நோயாளிகளையும் 17,441 மற்றவர்களையும் சேர்த்து, அதுவரை பேசப்பட்ட 27 மரபணு இடங்களை மறுபடி சோதித்தார்கள். தேறியவை ஐந்தே: ஹீமோகுளோபின், ஓ ரத்தப் பிரிவைத் தீர்மானிக்கும் ஏபிஓ, சிவப்பணுவின் கால்சியத்தை வெளியேற்றும் ஏடிபி2பி4, சிவப்பணுவின் நொதி ஒன்றான ஜி6பிடி, நோயெதிர்ப்பைச் சேர்ந்த சிடி40 லிகண்ட். கடைசி ஒன்றைத் தவிர மற்ற நான்கும் சிவப்பணுவைச் சேர்ந்தவை. டிஎன்எஃப் தேறவில்லை. 2019இல் 17,000 பேரின் முழு மரபுத்தொகுதியையும் அலசிய போதும் உறுதியாக நின்றவை சிவப்பணு மரபணுக்களே. பி53க்கு நேர்ந்தது இன்னும் விநோதம். உகாண்டாவில் 2021இல் வெளியான ஆய்வு, பி53 உள்ளவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணி காணப்படும் வாய்ப்பு கூடுதல் என்றது.

அப்படியென்றால் நோயெதிர்ப்பு மரபணுக்களுக்குப் பங்கே இல்லையா? அந்த முடிவுக்கு நான் வரமாட்டேன். தேடியவர்களின் வலை பெரிய மீன்களுக்கானது. எச்எல்ஏ பகுதியில் மனிதரிடையே ஆயிரக்கணக்கான வகைகள். ஆப்பிரிக்காவுக்குள்ளேயே ஊருக்கு ஊர் அவை மாறும். ஒரு வகையின் பலன் அங்கே உலவும் ஒட்டுண்ணி எந்தத் துணுக்கை ஏந்தி வருகிறது என்பதைப் பொறுத்தது. அது காம்பியாவில் ஒன்று, உகாண்டாவில் வேறு. நோயைக் கணிப்பதிலேயே குழப்பம் உண்டு. மலேரியா மிகுந்த ஊரில் ரத்தத்தில் ஒட்டுண்ணியோடு திரியும் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தாலும் மூளை மலேரியா என்றே எழுதிவிடுவார்கள். கென்யாவில் கடும் மலேரியா என்று பதிவான பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்மையில் வேறு நோய் என்று 2021இல் ஒரு குழு கணக்கிட்டது. மூன்றில் ஒரு பங்கு கலப்படம் உள்ள பட்டியலில் நுண்ணிய தொடர்பு எப்படித் தெரியும்?

இதைவிட முக்கியம், மரபணுக்கள் ஒன்றின் வேலையை ஒன்று கெடுப்பதும் தாங்குவதும். அரிவாள் அணு மரபணு தனியாகக் காக்கும். ஆல்ஃபா தலசீமியா தனியாகக் காக்கும். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் பாதுகாப்பு போய்விடுகிறது என்று கிலிஃபியில் 2005இல் கண்டார்கள். சிஆர்1 என்ற நோயெதிர்ப்பு ஏற்பியை எடுத்துக்கொள்வோம். சிவப்பணுவின் மேல் இருந்து, ரத்தத்தில் திரியும் நோயெதிர்ப்புக் கழிவுகளைச் சுமந்து கல்லீரலில் சேர்ப்பது அதன் வேலை. ஃபால்சிபாரம் இந்த ஏற்பியையே கைப்பிடியாக்கிக்கொள்கிறது. நோயுற்ற பிள்ளையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒட்டுண்ணி நுழைந்த சிவப்பணு நடுவிலும், நோயில்லாத சிவப்பணுக்கள் பூவிதழ்கள்போல அதைச் சுற்றியும் ஒட்டி நிற்பதைக் காணலாம். இந்தக் கொத்துகள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கின்றன. ஓ ரத்தப் பிரிவினரிடம் கொத்து எளிதில் உதிரும். மாலியில் செய்து 2007இல் வெளியான ஆய்வில் ஓ பிரிவுப் பிள்ளைகளுக்குக் கடும் மலேரியா வாய்ப்பு மூன்றில் இரு பங்கு குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம். சிஆர்1 மரபணுவின் ஒரு வகை கென்யப் பிள்ளைகளை மூளை மலேரியாவிலிருந்து காக்கிறது. ஆனால் ஆல்ஃபா தலசீமியா இல்லாத பிள்ளைகளை மட்டும். இந்தியாவில் சிஆர்1ஐ ஆராய்ந்தவர்களும், மலேரியா ஓயாத பகுதியில் அதன் தொடர்பு ஒரு விதம், எப்போதாவது வரும் பகுதியில் வேறு விதம் என்றே எழுதினார்கள். ஒரு மரபணு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு இங்கே ஒற்றை விடை கிடையாது.

என் கணிப்பில் இனி கவனிக்க வேண்டியது, நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் மரபணுக்கள்தான். படை அளவோடு நிற்பதற்காக அதன் அணுக்களில் அடக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. ஃபால்சிபாரம் தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல் ரிஃபின் என்ற புரதக் குடும்பத்தைப் பரப்பி, அந்த ஏற்பிகளைத் தொட்டுப் படையை அடக்கிவிடுகிறது. 2017இல் ஜப்பானிய ஆய்வர்கள் எல்ஐஎல்ஆர்பி1 என்ற ஏற்பியிடம் இதைக் காட்டினார்கள். 2024இல் இயற்கைக் கொல்லி அணுக்களில் இருக்கும் கேஐஆர் ஏற்பியிடமும் காட்டப்பட்டது. கேஐஆர் மரபணுக்கள் எச்எல்ஏ போலவே ஆளுக்கு ஆள் மாறுபவை. தாய்லாந்தில் ஒரு கேஐஆர் வகையும் ஒரு எச்எல்ஏ-சி வகையும் சேர்ந்தவர்களிடம் மூளை மலேரியா மிகுந்திருந்ததை 2012இலேயே கண்டிருந்தார்கள். இன்னொரு அடக்கும் ஏற்பியின் பலவீனமான வகை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மலிந்திருக்கிறது. கென்யப் பிள்ளைகளைக் கடும் மலேரியாவிலிருந்து காக்கும் அதே வகை, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கு வழிவிடுகிறது. மலேரியாவை எதிர்க்க வீரியம் கூட்டிய உடல், மலேரியா போன பின் தன்னையே தாக்குகிறது. மலேரியா ஒழிந்த ஊர்கள் இந்த முன்னோர் சுமையைத் தொடர்ந்து சுமக்கும்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியா வந்த 3,000க்கு மேற்பட்ட பிள்ளைகளின் மரபணுவையும், அவர்கள் உடலில் இருந்த ஒட்டுண்ணியின் மரபணுவையும் ஒருசேரப் படித்து 2022இல் வெளியிட்டார்கள். அரிவாள் அணு மரபணுவின் காப்பை மீறி நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணிகளின் மரபுத்தொகுதியில் மூன்று இடங்கள் தனியே மாறியிருந்தன. அறுபது ஆண்டுகளாக அசைக்க முடியாதது என்று நாம் சொல்லிவந்த காப்பையே ஒட்டுண்ணி சுற்றிக்கொண்டு போகிறது. பிள்ளையின் மரபணுவை மட்டும் தனியே படித்து ஆபத்தைச் சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தை இனி விட்டுவிட வேண்டும்.

இந்தத் தேடலில் ஈடுபட்டவர்களிடமிருந்து கிடைத்த பெரிய பயன் எங்கே என்றால், தடுப்பூசியில். பி53ஐக் கண்ட ஆட்ரியன் ஹில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்21 என்ற மலேரியாத் தடுப்பூசியை உருவாக்கிய குழுவின் தலைவர். உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்த அந்தத் தடுப்பூசியைப் புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்து ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. பிள்ளை எந்த மரபணுவோடு பிறந்திருந்தாலும் அதன் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு ஒட்டுண்ணியை முன்கூட்டியே அறிமுகப்படுத்துவது, மரபணுவால் ஆபத்தை அளந்துகொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

செட்டிகுளத்துப் பெற்றோருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? மலேரியா ஆபத்தைச் சொல்கிறோம் என்று நோயெதிர்ப்பு மரபணுச் சோதனையை யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு எதையும் உறுதியாகச் சொல்லும் நிலைக்கு அந்த அறிவு வரவில்லை. பயனுள்ள சோதனைகள் வேறு. அரிவாள் அணு உள்ள பழங்குடிக் குடும்பங்களுக்கு அதற்கான ரத்தச் சோதனை. வைவாக்ஸ் திரும்ப வராமல் இருக்க 14 நாள் பிரைமாகுவின் தருமுன் ஜி6பிடி சோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக ரத்தத் தடவல். விரல் நுனியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஊசியால் குத்தி, ஒரே கண்ணாடித் துண்டில் ஒரு பக்கம் தடித்த பூச்சும் மறுபக்கம் மெல்லிய பூச்சுமாக இழுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. தடித்த பூச்சு ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சொல்லும். மெல்லிய பூச்சு எந்த வகை என்று சொல்லும்.

மலேரியா உள்ள ஊருக்குப் போய் வந்த பிள்ளைக்குத் திரும்பிய சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வைவாக்ஸ் என்றால் சில மாதங்கள் கழித்து வந்தாலும், போய் வந்த ஊரின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ரத்தத் தடவலோ ரேபிட் டெஸ்டோ அன்றே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. ஃபால்சிபாரம் என்று தெரிந்தால் அன்றே மருந்து தொடங்க வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ வலிப்பு வந்தாலோ ஆர்ட்டிசுனேட் ஊசி போடும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நேரமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.